இரகுவமிசமும் டைனோசர் வம்சமும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருஞ்சாலையில், கோப்பாயைக் கடந்து சிறிது தூரம் சென்றால் நீர்வேலி என்னும் ஊர் எதிர்ப்படும். செம்மண் தோட்டங்களும், அவற்றினிடையே அணிவகுத்து நிற்கும் வாழைகளும், சுண்ணக்கல்லைக் குடைந்து தோண்டிய கிணறுகளும் அவ்வூரின் அடையாளங்கள். அங்கே அரசகேசரிப் பிள்ளையார் கோயில் என்று ஒரு கோயில் உண்டு. யாழ்ப்பாணத்து அரச குலத்திற் பிறந்து, தமிழும் வடமொழியும் வல்லவராய் விளங்கிய அரசகேசரி என்பவரே அக்கோயிலை அமைத்தார் என்பது வழிவழி வந்த செய்தி. காளிதாசரின் இரகுவம்சத்தைத் தமிழிலே 'இரகுவமிசம்' என்னும் காப்பியமாக ஆக்கித் தந்த புலவரும் அவரே.

காளிதாசரின் இரகுவம்சம் பத்தொன்பது சருக்கங்களைக் கொண்டது. அது தனியொருவனைப் பற்றிய கதையன்று. ஒரு குலத்தின் கதை. பசுவின் பின்னே காவலனாய்த் திரிந்து தவம் செய்த திலீபனிலே தொடங்குகிறது. தன்னிடமிருந்த அனைத்தையும் வேள்வியிலே வழங்கிவிட்டு, வந்த விருந்தினனை மண்பாத்திரம் ஏந்தி எதிர்கொண்ட இரகுவிலே ஓங்குகிறது. இராமனிலே சிகரத்தை அடைகிறது. அதன்பின் இறங்குமுகம். ஈற்றிலே அக்கினிவருணன் என்னும் அரசன் வருகிறான். அவன் அந்தப்புரத்தை விட்டு அகலாதவன். அரசனைக் காணவேண்டும் என்று குடிகள் வேண்டி நின்றபோது, அவன் சாளரத்தின் வழியே தன் பாதம் ஒன்றை மட்டும் வெளியே நீட்டினான். குடிகளும் அப்பாதத்தை வணங்கிச் சென்றனர் என்று கவி காட்டுகிறார். குலத்தின் பெயர் அதுவே; அரியணையும் அதுவே; கருவூலமும் குறையவில்லை. ஆயினும் அக்குலத்தை அக்குலமாக்கிய ஒன்று மட்டும் மறைந்துவிட்டது.

அரச குலங்கள் அருகிப்போன இக்காலத்தில், அவ்வாறே எழுந்து அவ்வாறே தேய்ந்த வேறொரு குலத்தை உலகம் கண்டுவருகிறது. அது திரையிலே பிறந்த குலம். 1993ஆம் ஆண்டிலே தொடங்கி 2025ஆம் ஆண்டு வரை ஏழு படங்களாக நீண்டுள்ள 'ஜுராசிக் பார்க்' வரிசையே அது. அதன் வரலாறு ஒரு பொழுதுபோக்கின் வரலாறு மாத்திரமன்று. வியப்பு என்னும் அரும்பொருள் எவ்வாறு ஈட்டப்படுகிறது, எவ்வாறு செலவழிந்து போகிறது என்பதன் வரலாறுமாகும்.

மண்ணுக்குள் மறைந்துபோன பெருவிலங்குகளை மீண்டும் நடமாடவிட வேண்டும் என்னும் ஆசை, சலனப்படக் கலையின் வயதை ஒத்த பழமையுடையது. 1914ஆம் ஆண்டிலேயே வின்சர் மக்கே என்னும் ஓவியர் 'கேர்ட்டி' என்ற டைனோசரைத் தாளிலே ஆயிரக்கணக்கான முறை வரைந்து அசையச் செய்தார். ஆதர் கொனன் டொயில் 1912இல் எழுதிய 'இழந்த உலகம்' என்னும் கதை 1925இல் படமாயிற்று. அதிலும், 1933இல் வெளிவந்த 'கிங் கொங்' படத்திலும், வில்லிஸ் ஓபிரையன் என்னும் கலைஞர் சிறிய பொம்மைகளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே படம்பிடித்து அவற்றுக்கு உயிரூட்டினார். அதன்பின் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள், திரையிலே தோன்றிய டைனோசர்கள் பெரும்பாலும் அந்த வழியிலே வந்தவைதாம்.

1990ஆம் ஆண்டிலே மைக்கேல் கிரைட்டன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 'ஜுராசிக் பார்க்' என்ற நாவலை வெளியிட்டார். மரப்பிசினிலே சிக்கிப் பன்னெடுங்காலம் கிடந்த கொசுவின் வயிற்றிலிருந்து டைனோசரின் குருதியைப் பெற்று, அதிலுள்ள மரபுக் கூற்றைக் கொண்டு அவ்விலங்கை மீண்டும் உண்டாக்கலாம் என்பது அவருடைய கற்பனை. கதையின் உட்பொருளோ அந்த விஞ்ஞானம் அன்று. இயற்கையை வேலிக்குள் அடைத்துக் காசுக்குக் காட்டலாம் என்று எண்ணிய ஒரு செல்வனின் செருக்கும் அதன் வீழ்ச்சியுமே உட்பொருள். மனிதன் தான் ஆக்கியதைத் தானே ஆளமுடியாமற் போகும் அச்சம் அந்நாவலின் உயிர்நாடியாய் இருந்தது.

அதனைப் படமாக்கிய நெறியாளர் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க். படம் 1993ஆம் ஆண்டு யூன் மாதத்திலே வெளிவந்தது. அதற்கான செலவு 6 கோடியே 30 இலட்சம் டொலர். உலகெங்கும் திரட்டிய தொகை 90 கோடி டொலருக்கு மேல். 'டைட்டானிக்' வரும்வரை உலகில் மிகுதியான வருவாய் பெற்ற படம் அதுவே. காட்சி நுட்பத்திற்கும் ஒலிக்குமாக மூன்று ஒஸ்கார் பரிசுகளும் அதற்குக் கிடைத்தன.

அப்படத்தின் பெருமையை எண்ணிப் பார்ப்போர் ஓர் உண்மையைக் கண்டு வியப்படைவர். படம் ஓடும் நேரம் 127 நிமிடம். அதிலே டைனோசர்கள் திரையில் தோன்றும் நேரம் ஏறக்குறைய 15 நிமிடம் மட்டுமே. அதிலும் கணினி வரைந்தவை 6 நிமிட அளவினவே. எஞ்சியவை ஸ்டான் வின்ஸ்டன் என்னும் சிற்பியின் பட்டறையிலே உருவான இயந்திர உருவங்கள். டைரனோசரஸ் என்னும் பேருயிரின் உருவம் ஏறக்குறைய 12 மீற்றர் நீளம் கொண்டதாய்ச் செய்யப்பட்டது. மழைக் காட்சியைப் படம்பிடிக்கையில் அதன் தோல் நீரை உறிஞ்சிக்கொள்ள, பாரம் தாங்காது அவ்வுருவம் நடுங்கத் தொடங்கியது என்பர். அதனை மீண்டும் மீண்டும் துடைத்து உலர்த்திய பின்பே படப்பிடிப்புத் தொடர்ந்தது.

அந்த விலங்கு திரையிலே முழுமையாகத் தோன்றுமுன் படம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடிவிடுகிறது. அதற்கு முன்னே வருவது ஒரு குவளைத் தண்ணீர். இருண்ட மழையிரவில் நின்றுவிட்ட வாகனத்துள் ஒரு குவளை. தொலைவிலே ஏதோ ஓர் அதிர்வு. தண்ணீரிலே வட்ட வட்டமாய் அலை. அந்த அலையை உண்டாக்கியது பெரிய இயந்திரம் எதுவுமன்று. கித்தார் வாத்தியத்தின் தந்தி ஒன்றை வாகனத்தினுள்ளே பொருத்தி, அதனை ஒருவர் மீட்டினார், அவ்வளவே. விலங்கின் முழக்கத்தை அமைத்த ஒலிக் கலைஞர் கரி ரைட்ஸ்ட்ரோம், யானைக் கன்றின் பிளிறலையும் புலியின் உறுமலையும் முதலையின் ஒலியையும் ஒன்றாகக் குழைத்தார். கண்ணுக்குக் காட்டுமுன் செவிக்குக் கேட்கச் செய்யும் இந்தக் கலையின் அருமையை, வானொலிக்குச் செவி கொடுத்துப் பழகியவர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. காணாததையே மனம் மிகப் பெரிதாகக் காண்கிறது.

மற்றொரு சிறப்பும் முதற் படத்திற்கு உண்டு. டைனோசர்கள் மந்தமான, குளிர்ந்த குருதியுடைய, வாலை இழுத்துத் திரிந்த பல்லிகள் என்று பல தலைமுறையினர் எண்ணியிருந்தனர். 1969ஆம் ஆண்டிலே ஜோன் ஒஸ்ட்ரம் என்னும் அறிஞர் 'டைனோநைக்கஸ்' என்ற சிறு வேட்டை விலங்கின் எலும்புகளை ஆராய்ந்து வெளியிட்டபின் அக்கருத்து மாறத் தொடங்கியது. அவை விரைந்து ஓடியவை, பறவைகளுக்கு உறவினர் என்னும் புதிய எண்ணம் அறிஞர் நடுவே வேரூன்றியது. தொல்லுயிர் அறிஞர் ஜாக் ஹோர்னரை ஆலோசகராகக் கொண்ட முதற் படம் அந்தப் புதிய அறிவைப் பாமரர் வரை கொண்டு சென்றது. சிற்சில இடங்களில் மிகைப்படுத்தியதும் உண்மையே; வான்கோழியளவினதாகிய வெலோசிராப்டரை அது ஆளுயரத்திற்கு வளர்த்துவிட்டது. ஆயினும் அன்றைய ஆய்வுலகம் எத்திசையை நோக்கி நின்றதோ அத்திசையையே அப்படமும் நோக்கி நின்றது.

உலகம் அப்படத்தைப் படமாளிகைகளிலே கண்டு மெய்சிலிர்த்த அந்த 1993ஆம் ஆண்டிலே, யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. 1990இல் மின்விநியோகம் அற்றுப்போன பின்னர், துவிச்சக்கரவண்டியின் சில்லைச் சுழற்றி, அதன் டைனமோவில் எழும் மின்னைக் கொண்டு வானொலி கேட்ட காலம் அது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே போர் நீர்வேலி வழியாகவே நகர்ந்தது. அவ்வூர் மக்களும் வலிகாமத்து ஏனைய மக்களோடு வீடுவாசலைத் துறந்து வெளியேறினர். போரின் நடுவே வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு ஜுராசிக் படங்கள் காலந்தாழ்த்தியே வந்து சேர்ந்தன. மூத்தது எது, இளையது எது என்னும் முறையின்றி, தட்டுகளிலும் தொலைக்காட்சியிலும் அவற்றைக் கண்டவர்கள் அவர்கள். விளம்பரத்தின் ஆரவாரம் அடங்கிய பின் படங்களை அருகருகே வைத்துப் பார்ப்போருக்கு ஏற்றமும் இறக்கமும் தெளிவாகவே புலப்படும்.

இறக்கம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. 1997இல் வந்த இரண்டாம் படமாகிய 'இழந்த உலகம்' ஸ்பீல்பேர்க்கே நெறிப்படுத்தியது. கிரைட்டன் எழுதிய இரண்டாம் நாவல் அதற்கு அடிப்படையாயிற்று. கண்ணாடி மெல்ல மெல்ல விரிசல் விட, அதன்மீது ஒரு பெண் அசையாது கிடக்கும் காட்சியிலே பழைய கைவண்ணம் மிளிர்கிறது. ஆயினும் ஈற்றிலே டைரனோசரஸ் அமெரிக்க நகரமொன்றின் வீதியிலே இறங்கி ஓடியபோது, அச்சம் குறைந்து ஆரவாரம் மிகுந்தது. 2001இல் மூன்றாம் படம். நெறியாளர் ஜோ ஜோன்ஸ்டன். நாவல் எதுவும் இல்லை. படப்பிடிப்புத் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது எழுதியிருந்த கதை ஒதுக்கப்பட்டது; முடிவு பெறாத கதையோடு வேலை தொடங்கியது. ஸ்பைனோசரஸ் என்னும் புதிய விலங்கு வந்து, பழைய டைரனோசரஸைச் சில நிமிடங்களிலே கொன்றுவிடுகிறது. பழையதை வீழ்த்திப் புதியதை உயர்த்தும் அந்த ஒரு காட்சியிலேயே பின்வந்த நோய் முளைவிட்டது எனலாம். வருவாயும் 90 கோடியிலிருந்து 60 கோடி, 60 கோடியிலிருந்து 36 கோடி எனப் படிப்படியாய் இறங்கியது.

பதினான்கு ஆண்டுகள் அவ்வரிசை உறங்கியது. 2015ஆம் ஆண்டிலே கொலின் ட்ரெவரோ என்னும் நெறியாளர் 'ஜுராசிக் வேர்ல்ட்' எனும் பெயரில் அதனை எழுப்பினார். பூங்காவின் புதிய உரிமையாளராகிய சைமன் மஸ்ரானி என்னும் பாத்திரத்தை ஏற்றவர் இந்திய நடிகர் இர்பான் கான். 2020இல் மறைந்த அப்பெருங்கலைஞரின் முகம் அப்படத்திற்கு ஒரு கண்ணியத்தைத் தந்தது. படம் 160 கோடி டொலருக்கு மேல் ஈட்டி உலகையே மலைக்க வைத்தது.

அப்படத்திலே ஒரு விந்தையான ஒப்புதல் வாக்குமூலம் அடங்கியிருக்கிறது. பூங்காவின் நிர்வாகி, டைனோசரைக் கண்டு இப்பொழுது எவரும் வியப்பதில்லை என்றும், ஆகவே ஆய்வுகூடத்திலே பல விலங்குகளின் கூறுகளைக் கலந்து மேலும் பெரிதான, மேலும் பயங்கரமான ஒன்றை ஆக்கவேண்டியிருக்கிறது என்றும் கூறுகிறார். பூங்காவைப் பற்றிய பேச்சு என்று தோன்றினாலும், படத்தை ஆக்கியோரின் நிலையும் அதுவே. உலகிலே ஒருபோதும் வாழ்ந்திராத கலப்பு விலங்கு ஒன்று அப்படத்தின் நாயகமாயிற்று. முதற் படம் எச்சரித்த செருக்கு எதுவோ, அதையே இப்படம் தன் வாணிபமாய்க் கொண்டது.

2018இல் வந்த ஐந்தாம் படத்திலே இன்னொரு கலப்பு விலங்கு. எரிமலை வெடித்துத் தீவு அழிகையில், கரையிலே தனித்து நின்ற நெடுங்கழுத்துப் பிராக்கியோசரஸ் புகையினுள்ளே கதறி மறையும் காட்சி ஒன்றே அப்படத்திலே நெஞ்சைத் தொடுவது. முதற் படத்தில் எல்லோரையும் முதன்முதலாய் வியக்க வைத்த விலங்கினம் அதுவே என்பதை அறிந்தோர் அங்கே கண்கலங்கினர். 2022இல் வந்த ஆறாம் படம் 147 நிமிடம் நீண்டது. முதற் படத்தின் மூன்று தலைமை நடிகரும் அதிலே மீண்டும் வந்தனர். டைனோசர்கள் மனிதரோடு ஒரே உலகில் வாழ நேர்ந்தால் யாது நிகழும் என்னும் பெரிய வினாவை முந்திய படம் எழுப்பிவிட்டுச் சென்றிருந்தது. விடை தரவேண்டிய படமோ பயிரை அழிக்கும் பெருவெட்டுக்கிளிகளின் கதையை நோக்கித் திரும்பிக்கொண்டது. விமர்சகர்கள் மிகக் கடுமையாகவே பேசினர். வருவாயோ 100 கோடி டொலரைத் தாண்டியது.

2025இல் ஏழாம் படம் வந்தது. நெறியாளர் கரெத் எட்வேர்ட்ஸ். முதற் படத்திற்குத் திரைக்கதை எழுதிய டேவிட் கெப் அதனை எழுதினார். கிரைட்டனின் முதல் நாவலில் இருந்தும் முப்பது ஆண்டுகளாகப் படமாகாதிருந்த ஒரு காட்சி, ஆற்றிலே மிதவையில் செல்வோரை டைரனோசரஸ் துரத்தும் காட்சி, அதிலே இடம்பெற்றது. அக்காட்சியிலே பழைய மூச்சு சிறிது திரும்பி வந்தது. ஆனால் முடிவிலே, உருக்குலைந்த மற்றொரு கலப்பு விலங்கே அங்கும் காத்திருந்தது.

ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னதால்தான் சுவை கெட்டது என்று சிலர் கூறுவர். யாழ்ப்பாணத்தார் இதனை எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டார். காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் அரிச்சந்திர மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான முறை மேடையேற்றினார். கோயில் வீதிகளிலே விடியவிடியப் பாய் விரித்து அமர்ந்திருந்தோர் யாவரும் கதையின் முடிவை அறிந்தவர்களே. சந்திரமதி இறந்த பிள்ளையைச் சுமந்துவருவாள் என்பதும், சுடலை காப்பவன் கூலி கேட்பான் என்பதும், ஈற்றில் எல்லாம் நலமாய் முடியும் என்பதும் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆயினும் அழுதார்கள். அடுத்த ஆண்டும் வந்து அழுதார்கள். அங்கே மேடையேற்றந்தோறும் சுடலையின் பரப்பைப் பெருக்கவில்லை. பிணங்களின் தொகையைக் கூட்டவில்லை. மனைவியென அறிந்தும் கூலியை விடமுடியாது தவிக்கும் ஒரு மனிதனின் வாய்மையையே மேலும் மேலும் ஆழமாய்த் தொட்டார்கள். மீட்டுரைப்பது குற்றமன்று, உட்பொருளை விட்டுவிட்டு மேலுருவை மட்டும் மீட்டுரைப்பதே குற்றம்.

டைனோசர் வரிசையிலே விடுபட்ட உட்பொருள் இரண்டு. ஒன்று, செருக்கைப் பற்றிய எச்சரிக்கை. மற்றொன்று, மெய்யான விலங்குகளின் மீதிருந்த மதிப்பு. படங்கள் பெருகிய அதே காலத்தில் ஆய்வுலகம் உறங்கிக் கிடக்கவில்லை. 1996இல் சீன நாட்டின் லியாவோனிங் மாகாணத்திலே, மென்மையான இறகுத் துய் போர்த்த சிறு டைனோசரின் புதைபடிவம் வெளிப்பட்டது. 2007இல் வெலோசிராப்டரின் முன்னங்கை எலும்பிலே இறகு பதிந்திருந்த முளைகள் கண்டறியப்பட்டன. கோழியும் காகமும் டைனோசர் குலத்தின் வாழும் வழித்தோன்றல்கள் என்னும் கொள்கை உறுதி பெற்றது. இதனைவிட வியப்பான கதை வேறு யாது? ஆயினும் 2015இல் மீண்டெழுந்த படம் இறகற்ற பழைய உருவங்களையே பெரும்பாலும் பேணியது. 2022இல் இறகுடைய ஒன்று தோன்றியதெனினும் காலம் கடந்துவிட்டது. அறிவுக்கு முன்னோடியாய் நடந்த முதற் படத்தின் வழித்தோன்றல்கள் அறிவுக்குப் பின்னே தயங்கி நின்றன.

தமிழ் மண்ணிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. தமிழ்நாட்டு அரியலூர்ப் பகுதியிலே, கல்லமேடு என்னுமிடத்தில், அறிஞர் யாதகிரியும் அய்யாசாமியும் மாபெரும் எலும்புகளைக் கண்டு, 1980களின் இறுதியிலே அதற்குப் 'புருகத்காயோசரஸ்' எனப் பெயரிட்டனர். 'பிருகத்காயம்', அதாவது பேருடல், என்னும் வடசொல்லே அப்பெயரின் மூலம். உலகில் வாழ்ந்த நிலவிலங்குகளிலே மிகப் பெரியவற்றுள் அது ஒன்றாகலாம் என்று கருதப்படுகிறது. ஆனால் அவ்வெலும்புகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டபின் ஈரத்தாலும் வெயிலாலும் உதிர்ந்து சிதைந்தன. இன்று எஞ்சியிருப்பவை வரைபடங்களும் பழைய ஒளிப்படங்களுமே. ஆய்வுகூடத்திலே கலந்து ஆக்கிய எந்தக் கற்பனை விலங்குக்கும் இல்லாத பெருமையும் சோகமும் அந்த மெய்க்கதையிலே உள்ளன.

குறை தெரிந்தும் வருவாய் குறையாதிருப்பது ஏன் என்ற வினா எழலாம். முதற் படத்தைப் பிள்ளைப் பருவத்திலே கண்டவர், தம் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு படமாளிகைக்குச் செல்கிறார். அவர் அங்கே தேடிச் செல்வது புதிய படத்தையன்று. தாம் ஒருமுறை அடைந்த வியப்பை. முன்னோர் ஈட்டிய நற்பெயரின் வட்டியிலே பின்னோர் வாழ்கின்றனர். அக்கினிவருணனின் கருவூலமும் அவ்வாறே நிறைந்திருந்தது. அந்த வட்டியும் என்றும் வளர்வதன்று: 2015இல் 160 கோடியைத் தாண்டிய வருவாய் 2018இல் 130 கோடி, 2022இல் 100 கோடி, 2025இல் 80 கோடியைக் கடந்த தொகை என இறங்கிவருவதைக் கணக்கறிந்தோர் காண்பர்.

நீர்வேலிக் கிணறுகளைத் தோண்டும்போது வெட்டுப்படும் சுண்ணக்கல் மயோசீன் காலத்தது. அக்கல் கடலடியிலே படியத் தொடங்குமுன்னரே, 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், டைனோசர் யுகம் முடிந்துவிட்டது. எனவே எத்துணை ஆழமாய்த் தோண்டினாலும் அக்கல்லிலே டைனோசரின் எலும்பு அகப்படாது. ஆனால் அக்கிணற்றடியிலே, வாழைப் பாத்தியைக் கிளறி இரை தேடும் கோழி ஒன்று நிச்சயமாக நிற்கும். அதன் காலையும் நகத்தையும் கழுத்தை வெட்டி வெட்டி நடக்கும் நடையையும் கூர்ந்து நோக்கும் பிள்ளை, நூறு கோடி டொலர் செலவிட்டும் திரை காட்டத் தவறியதைத் தன் வீட்டு முற்றத்திலே கண்டுகொள்ளும்.

காளிதாசர் தம் காவியத்தை அக்கினிவருணனின் அழிவோடு நிறுத்திவிடவில்லை. அவன் நோயுற்று மாய்ந்தபின், கருவுற்றிருந்த அவன் தேவியை அமைச்சர்கள் அரியணையில் அமர்த்தினர்; பிறக்கப்போகும் மகவை எதிர்நோக்கி நாடு காத்திருந்தது என்று முடிக்கிறார். திரைக்குலத்திற்கும் அத்தகைய மகவு பிறத்தல் கூடும். ஆனால் சாளரத்தின் வழியே நீட்டப்படும் பாதத்தை வணங்கித் திரும்பும் குடிகள் இருக்குமட்டும், முகத்தைக் காட்டவேண்டும் என்னும் எண்ணம் எந்த அரசனுக்கும் எழுவதில்லை.